சின்ன நெட்வொர்க்குக்கு ஃபயர்வால்: ஓப்பன்பிஎஸ்டியா, ஆல்பைனா, ஓப்பன்டபிள்யூஆர்டியா?

இரண்டு லேன் போர்ட் உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு பக்கம் இன்டர்நெட், இன்னொரு பக்கம் பத்து இருபது சாதனங்கள். நடுவில், எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவு செய்யும் ஃபயர்வாலாக நிற்க அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது? இப்படிக் கேட்டால் பேச்சு சீக்கிரமே எது எத்தனை எம்பி என்ற கணக்குக்குப் போய்விடுகிறது. 50 எம்பியோ 500 எம்பியோ, இன்றைய எஸ்எஸ்டிக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள்: வெளியிலிருந்து தட்டினால் பதில் சொல்ல எத்தனை புரோகிராம் காத்திருக்கிறது, எத்தனை ஃபைலைப் படித்தால் அந்தப் பெட்டி செய்வது முழுக்க விளங்கும், கரன்ட் பட்டென்று போய்த் திரும்பினால் யாரும் கைவைக்காமல் எழுந்து நிற்குமா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் பெட்டி, வைஃபைக்குத் தனியாக ஆக்சஸ் பாயின்ட் இருக்கிறது என்றால் யுனிக்ஸ் வழிவந்த ஓப்பன்பிஎஸ்டி. கரன்ட் நிச்சயமில்லாத இடத்தில், யாரும் கிட்டப் போகாத மூலையில் கிடக்கப் போகிறது என்றால் ரேமில் ஓடும் ஆல்பைன் லினக்ஸ். வைஃபையும் அதே பெட்டியில் வேண்டும், அல்லது நீங்கள் இல்லாதபோது இன்னொருவர் கையில் எடுக்க வேண்டியிருக்கும் என்றால் ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி. இனி காரணங்கள்.

அதற்கு முன் பட்டியலில் இல்லாதவற்றைப் பற்றி இரண்டு வரி. பிஎஃப்சென்ஸ் 2004இல் மோனோவால் என்ற பழைய ஃபயர்வால் தொகுப்பிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸின் முதல் பதிப்பு 2015இல் வந்தது. இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் கட்டிய நல்ல சாமான்கள். ஆனால் இரண்டிலும் வெப் இன்டர்ஃபேஸ்தான் எஜமான். அதைத் தாண்டிக் கையால் ஃபைலைத் திருத்தினால் அடுத்த முறை அது மேலெழுதிவிடும். மவுஸால் எல்லாம் செய்ய வேண்டும், ரேம் தாராளமாக இருக்கிறது என்பவர் தயங்காமல் அங்கே போகலாம். மினிமல் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது. டெபியனைக் குறைந்தபட்சப் பொருள்களோடு போட்டாலும் வேலை நடக்கும். அதைத் தேர்ந்தெடுக்க ஏற்கெனவே கைப்பழக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணம் போதும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு அதில் தனியாக லாபம் ஒன்றுமில்லை.

விதிகளைப் படிப்பது

ஃபயர்வாலின் உயிர் அதன் விதிகள். ஆறு மாதம் கழித்து, ஏதோ ஒன்று வேலை செய்யாத நேரத்தில், திறந்து பார்த்தால் உடனே புரிய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஓப்பன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

பிஎஃப் பிறந்த கதை சுவாரசியமானது. ஓப்பன்பிஎஸ்டி அதுவரை ஐபிஃபில்டர் என்ற ஃபயர்வாலைப் பயன்படுத்தியது. 2001இல் அதன் உரிமத்தில் தகராறு வந்ததும் அதைத் தூக்கி எறிந்தார்கள். டேனியல் ஹார்ட்மையர் புதிதாக எழுதிய பிஎஃப், அதே ஆண்டு டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அவசரத்தில் பிறந்தது என்று இன்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சின்ன நெட்வொர்க்குக்கான பிஎஃப் விதிகள் பதினைந்து வரிக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் தடு. உள்ளிருந்து வெளியே போவதை விடு. போகும்போது முகவரியை வெளி இன்டர்ஃபேஸின் முகவரியாக மாற்று. உள்பக்கத்திலிருந்து மட்டும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழைவது), டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி கேட்பது), டிஎச்சிபி (தனக்கு முகவரி கேட்பது) வரலாம். கிட்டத்தட்ட இதே நடையில்தான் ஃபைலிலும் இருக்கும். வெளியே போன கேள்விக்கு வரும் பதிலை உள்ளே விட தனி வரி தேவையில்லை. இணைப்பின் நிலையை நினைவில் வைப்பது 2007இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து தானாகவே நடக்கிறது.

புதியவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் செல்லும். மேலே ‘தடு’ என்று எழுதி, கீழே ‘விடு’ என்று எழுதினால் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) தாண்டிப் போய்விடும். ‘க்விக்’ என்ற சொல் சேர்ந்த விதி பொருந்தினால் மட்டும் அங்கேயே முடிவு. லினக்ஸ் பக்கமிருந்து வருபவருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இன்னொரு பொறி பழைய உதாரணங்கள். முகவரி மாற்றும் விதியின் எழுத்துமுறை 2010இல் வந்த 4.7 பதிப்பில் மாறிவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி தன்னிடமிருந்த பழைய முறையையே நெடுநாள் வைத்திருந்தது. அதனால் எங்கிருந்தோ எடுத்த பிஎஃப் விதியை அப்படியே ஒட்டினால், பாதி நேரம் முதல் வரியிலேயே பிழை என்று திரும்பும்.

ஆல்பைனில் விதிகளை என்எஃப்டேபிள்ஸில் எழுத வேண்டும். லினக்ஸின் பழைய ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸுக்கு வாரிசாக 2014 ஜனவரியில் லினக்ஸ் 3.13 கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்தது இது. டேபிள், அதற்குள் செயின் (விதிகளின் வரிசை), செயினுக்கு ஹூக் (பாக்கெட்டின் பாதையில் அது ஓடும் இடம்), ஹூக்குக்கு பிரையாரிட்டி (எது முதலில்) என்று சட்டகம் கொஞ்சம் பெரிது. பதில் பாக்கெட்டை அனுமதிக்கும் வரியை நீங்களே எழுத வேண்டும். மறந்தால் எதுவும் ஓடாது. நுணுக்கமான சங்கதி ஒன்று: ஒரு செயினில் ‘தடு’ என்றால் அது முடிந்த முடிவு. ஆனால் ‘விடு’ என்பது அந்தச் செயினுக்கு மட்டும்தான். அதே ஹூக்கில் அடுத்த பிரையாரிட்டியில் இன்னொரு அடிப்படைச் செயின் இருந்தால் பாக்கெட் அதையும் தாண்டியாக வேண்டும். ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் எழுதுபவருக்கு இது தொந்தரவில்லை. வேறு ஏதாவது மென்பொருள் தன் பங்குக்கு டேபிள்களைச் சேர்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் விதிகளை நேரடியாக எழுதுவதே இல்லை. லேன் (உள்பக்கம்), வேன் (வெளிப்பக்கம்) என்று மண்டலங்களைச் சொன்னால் போதும், 22.03 பதிப்பு முதல் அதன் ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ் விதிகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நீங்கள் எழுதுவது சில வரிகள், உண்மையில் ஓடுவது நீண்ட பட்டியல். வேலை செய்யும்வரை வசதி. செய்யாதபோது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கரன்ட் போனால்

1990களில் லினக்ஸ் ரூட்டர் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருந்தது. 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் முழு ரூட்டர். ஃப்ளாப்பியின் மூலையிலிருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டால் அதில் யாராலும் எழுத முடியாது. எல்லாம் ரேமில் ஓடும். உள்ளே புகுந்தவர் என்ன குளறுபடி செய்தாலும், சுவிட்சை அணைத்துப் போட்டால் பழைய நிலை. அந்தத் திட்டத்தின் வாரிசு லீஃப். லீஃபிலிருந்து கிளைத்ததுதான் ஆல்பைன். அந்தப் பழைய குணம் ஆல்பைனில் இன்னும் அப்படியே இருக்கிறது. டிஸ்க்லெஸ் முறையில் போட்டால் பென்டிரைவிலிருந்து கர்னலும் பேக்கேஜ்களும் ரேமுக்கு ஏறிவிடும், அதன்பின் அந்தப் பென்டிரைவில் யாரும் எழுதுவதில்லை. எழுத்தே நடக்காத ஃபைல் சிஸ்டம், கரன்ட் போனால் கெட என்ன இருக்கிறது?

இதற்கு விலையும் உண்டு. நீங்கள் மாற்றிய எதுவும் ‘எல்பியு கமிட்’ என்ற கமாண்டைக் கொடுக்கும்வரை ரேமில்தான் இருக்கும். கமிட் செய்தால் மாற்றங்கள் ஒரு சின்ன டார் ஃபைலாகப் பென்டிரைவில் போய் உட்காரும். எதை இன்னும் கமிட் செய்யவில்லை என்று ‘எல்பியு ஸ்டேட்டஸ்’ காட்டும். பெட்டியை விட்டு வெளியேறும் முன் அதை ஒரு தடவை அடிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. அப்புறம், இயல்பாகச் சேமிக்கப்படுவது அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசி டைரக்டரி மட்டுமே. டிஎச்சிபி, டிஎன்எஸ் வேலைகளைப் பார்க்கும் டிஎன்எஸ்மாஸ்க் எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி கொடுத்தது என்று எழுதி வைக்கும் ஃபைல் வேறு இடத்தில் இருப்பதால், ரீபூட்டுக்குப் பின் அது காலியாக இருக்கும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. அச்சிடும் இயந்திரம் போன்றவற்றுக்கு நிலையான முகவரியை கன்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள்.

ஓப்பன்பிஎஸ்டியின் பலவீனம் இங்கேதான். அதன் ஃபைல் சிஸ்டத்துக்கு ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு, கிடையாது. திடீரென்று கரன்ட் போனால் அடுத்த பூட்டில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும். பெரும்பாலும் தானாகச் சரிசெய்து எழுந்துவிடும். சில சமயம், நான் கைவைக்க மாட்டேன், நீயே வந்து பார் என்று ஒற்றைப் பயனர் முறையில் நின்றுவிடும். பக்கத்தில் கீபோர்டும் மானிட்டரும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் நெட்வொர்க் முழுக்க நின்றுபோகும். எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 2017இல் வந்த 6.2 முதல் ஒவ்வொரு பூட்டுக்கும் கர்னலைப் புது வரிசையில் கோர்த்து அடுத்த பூட்டுக்குத் தயாராக வைக்கிறது இந்த இயங்குதளம். தாக்குபவருக்கு முகவரிகள் தெரியக்கூடாது என்பதற்காக. அதற்கு டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். படிக்க மட்டும் என்று பூட்டினால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிடுவது இதைவிட எளிது.

ஓப்பன்டபிள்யூஆர்டி நடுவழியில் போகிறது. அடிப்படை இயங்குதளம் மாற்ற முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமமாக இருக்கும். உங்கள் மாற்றங்கள் அதன்மேல் ஒரு படலமாகப் படியும். படலத்தைத் துடைத்தால் புதுப் பெட்டி. துடைக்காமலே தப்பிக்க ஃபெயில்சேஃப் முறையும் உண்டு: ரூட்டரில் பூட்டாகும்போது விளக்கு மின்னும் நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும், சாதாரணக் கம்ப்யூட்டரில் கீபோர்டில் எஃப் அடித்து என்டர் தட்ட வேண்டும்.

உங்களையே வெளியே பூட்டிக்கொள்வது

எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் விதியை மாற்றுவோர் எல்லோரையும் துரத்தும் பயம் இது. பிஎஃப் விதிகளை ஏற்றும் ‘பிஎஃப்சிடிஎல்’, என்எஃப்டேபிள்ஸ் விதிகளை ஏற்றும் ‘என்எஃப்டி’ என்ற இரண்டு கமாண்டிலும் ஏற்றாமல் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அது இலக்கணப் பிழையைத்தான் பிடிக்கும். எஸ்எஸ்எச்சையே தடுத்துவிட்ட விதி இலக்கணப்படி சரியானதுதான்.

ஏற்றியபின் பலர் செய்வது, தன் விண்டோவில் கமாண்ட் அடித்துப் பார்ப்பது. பதில் வந்தால் நிம்மதி. அது பொய்யான நிம்மதி. ஏற்கெனவே இருக்கும் இணைப்பின் நிலை கர்னலின் நினைவில் அப்படியே இருப்பதால், புது விதி எஸ்எஸ்எச்சை முழுக்கத் தடுத்திருந்தாலும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து உள்நுழையும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். எனவே பழைய விண்டோவை மூடாமல், இன்னொரு விண்டோவில் புதிதாக உள்நுழைந்து பார்க்க வேண்டும். அதோடு, விதியை ஏற்றும் முன்பே பின்னணியில் ஒரு வேலையை ஓடவிடுங்கள்: 120 விநாடி உறங்கு, பிறகு பழைய ஃபைலை ஏற்று. புது உள்நுழைவு வேலை செய்தால் அந்த வேலையைக் கொன்றுவிடலாம். செய்யாவிட்டால் இரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும்.

டிஸ்க்லெஸ் ஆல்பைனில் இந்த வலை இலவசமாகவே கிடைக்கிறது. கமிட் செய்யாத விதி ரீபூட்டைத் தாண்டாது. வீட்டில் இருப்பவரிடம் ‘பிளக்கைப் பிடுங்கிச் செருகு’ என்று போனில் சொன்னால் தீர்ந்தது. பெட்டி தொலைவில் இருந்தால் இந்த ஒரு காரணமே எனக்கு ஆல்பைனைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

தயாராகக் கிடைப்பதும் நாமே கட்டுவதும்

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேரும் பிபிபிஓஇ இன்டர்நெட் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு உச்சமான 1500 பைட்டில் 8 பைட்டை அது எடுத்துக்கொள்வதால் மீதி 1492. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. 1500க்குக் கணக்குப் போட்டே பேசும். வழியில் யாராவது ஐசிஎம்பியை (நெட்வொர்க்கின் பிழைச் சேதிகள்) தடுத்திருந்தால் ‘பாக்கெட் பெரிது’ என்ற சேதி திரும்பி வராது. அறிகுறி விசித்திரமாக இருக்கும்: பிங் போகும், சில தளங்கள் பளிச்சென்று திறக்கும், சில மட்டும் பாதியில் தொங்கும். விதிகளில் பிழையே இருக்காது. ஆனால் நீங்கள் விதிகளையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மருந்து, இணைப்பு தொடங்கும்போதே எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்சவரம்பு) 1452க்குள் வெட்டிவிடுவது. பிஎஃப்பில் ஒரு வரி, என்எஃப்டேபிள்ஸிலும் ஒரு வரி. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வேன் மண்டலத்துக்கு அது முதலிலேயே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாமல் காலம் தள்ளிவிடலாம்.

புதிய தலைமுறை முகவரிமுறையான ஐபிவி6இலும் இதே கதை. இன்டர்நெட் கொடுப்பவரிடம் டிஎச்சிபிவி6 மூலம் ஒரு முகவரித் தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும், அதை உள்ளே அறிவிக்க வேண்டும், ஐசிஎம்பிவி6இல் எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐசிஎம்பிதானே என்று மொத்தமாகத் தடுத்தால் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பதே நின்றுபோகும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இது எல்லாமே பெட்டியைத் திறந்ததும் இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டியில் தொகுதியை வாங்கும் புரோகிராம் 2024இல் வந்த 7.6இல்தான் அடிப்படையோடு சேர்ந்தது. அதற்கு முன் வெளியிலிருந்து ஒரு பேக்கேஜைப் போட வேண்டியிருந்தது. ஆல்பைனில் தொகுதியை வாங்க டிஎச்சிபிசிடி ஒருபக்கம், உள்ளே அறிவிக்க டிஎன்எஸ்மாஸ்க் இன்னொருபக்கம் என்று நீங்களே கோர்க்க வேண்டும். ‘மினிமல்’ என்று சொல்லிக் கழித்த வேலையெல்லாம் எங்கேயும் போய்விடுவதில்லை, உங்கள் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மற்றபடி டிஎன்எஸ், டிஎச்சிபி, வயர்கார்டு விபிஎன் மூன்றும் மூன்றிலும் சரியாகவே ஓடும். ஓப்பன்பிஎஸ்டியில் வயர்கார்டு 6.8 முதல் கர்னலிலேயே இருக்கிறது. இதை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

வேகம்

சாதாரண இன்டர்நெட் இணைப்புக்கு, கொஞ்சம் புதிய பெட்டியில், மூன்றில் எதுவும் தடையாக இருக்காது. ஒரு கிகாபிட்டைத் தாண்டினால் லினக்ஸ் பக்கம் சாய்வது நல்லது, 4.16 கர்னல் முதல் உள்ள ஃப்ளோடேபிள், நிலைபெற்ற இணைப்புகளைக் குறுக்குவழியில் அனுப்பிவிடுகிறது.

உண்மையில் ஆட்கள் ‘நெட் ஸ்லோ’ என்று குறைப்படுவது வேகத்தைப் பற்றி அல்ல. ஒருவர் பெரிய ஃபைலை அப்லோடு செய்யும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறதே, அதைத்தான். மோடத்தில் பாக்கெட்கள் வரிசை கட்டி நிற்பதால் வரும் வினை இது. 2018இல் 4.19 கர்னலோடு வந்த, வரிசையை ஒழுங்குபடுத்தும் கேக் இதற்கு அருமையான மருந்து. ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேக்கை அமைத்துத் தரும் எஸ்க்யூஎம் பேக்கேஜைப் போட்டு, இணைப்பின் வேகத்தில் 90 சதவீதம் போல எழுதிவிட்டால் முடிந்தது. ஆல்பைனில் அதே கேக்கை ‘டிசி’ கமாண்டால் கையால் கட்டலாம். வெளியே போவதற்கு ஒரு வரி, உள்ளே வருவதற்குக் கொஞ்சம் சுற்றுவழி. ஓப்பன்பிஎஸ்டியில் கேக் இல்லை. 6.2 முதல் அதன் வரிசைமுறையில் அதே வகை வேலைக்கான எஃப்க்யூ-கோடெல் இருக்கிறது. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

அப்டேட்

ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. கடைசி இரண்டுக்கு மட்டும் திருத்தம் வரும். ஆக, வருடத்துக்கு ஒருமுறையாவது மாறியே ஆக வேண்டும், அதுவும் படிப்படியாக, ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போகக்கூடாது. பயமுறுத்தும் ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் 6.6இல் வந்த ‘சிஸ்அப்கிரேடு’ ஒரு கமாண்டிலேயே தரவிறக்கி, ரீபூட் செய்து, மாற்றிவிடுகிறது. கர்னல், பிஎஃப், டிஎச்சிபி, டிஎன்எஸ்ஸுக்கான அன்பவுண்டு, எஸ்எஸ்எச் எல்லாம் ஒரே குழு ஒரே தொகுப்பாகச் சோதித்து விடுவதால், ஒன்றை மாற்றி இன்னொன்று உடைவது அரிது.

ஆல்பைனும் மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. முக்கியப் பேக்கேஜ்களுக்கு இரண்டு ஆண்டு ஆதரவு, அதனால் அவசரமில்லை. டிஸ்க்லெஸ் முறையில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ‘ஏபிகே அப்கிரேடு’ பேக்கேஜ்களைத்தான் மாற்றும். கர்னலும் அதன் மாட்யூல்களும் பென்டிரைவில் தனியாக இருப்பதால் அவற்றைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இதை அறியாமல், எல்லாம் புதிது என்ற நினைப்பில் பழைய கர்னலோடு ஓடும் பெட்டிகள் ஏராளம் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் முழுப் படிமத்தையே மாற்றுகிறோம். அமைப்புகள் தங்கும், நீங்கள் கூடுதலாகப் போட்ட பேக்கேஜ்கள் போய்விடும். அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு என்ற வசதி, உங்கள் பேக்கேஜ்களையும் சேர்த்துப் படிமத்தைக் கட்டித் தருகிறது. அதைப் பயன்படுத்தாமல் எஸ்க்யூஎம்மோ வயர்கார்டோ எங்கே போனது என்று தேடுவதில் அர்த்தமில்லை.

பெட்டி வாங்கும் முன்

மூன்றில் எதைப் போட்டாலும் லேன் போர்ட்டின் சிப் எது என்று பாருங்கள். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரை நிரந்தர ஃபயர்வாலுக்கு நம்பாதீர்கள். போர்ட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் விலேன் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்) தெரிந்த ஒரு சுவிட்சை வைத்து அந்த ஒன்றையே இரண்டாகப் பிரிப்பது மேல். வைஃபை வேண்டும் என்றால் ஓப்பன்பிஎஸ்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக்க முயல வேண்டாம். டிரைவர் ஆதரவு மெலிந்தது. பழைய ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போடும் எண்ணம் இருந்தால் ஃப்ளாஷையும் ரேமையும் பாருங்கள்: 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ளவற்றுக்கு 19.07க்குப் பிறகு இடமில்லை, 8 எம்பிக்கு 64 எம்பி என்பதும் மூச்சுத் திணறல்தான். சீரியல் கன்சோல் போர்ட் உள்ள பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். நெட்வொர்க் முழுக்க இறந்து கிடக்கும்போது உள்ளே போக மிச்சமிருக்கும் வழி அது.